சமத்துவத்துக்கும் ஒரு பேரேடு உண்டு

சென்ற மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. குர்லா நேரு நகரில் குடியிருந்து இட்லி மாவு அரைத்து விற்கும் நமது கிளையின் வாடிக்கையாளர் ஒருவர், 18,500 ரூபாய்க்கான நெஃப்ட் படிவத்தை என் மேசையில் வைத்தார். குடைத்துளி பட்டு எழுத்துகள் சற்றுக் கலைந்திருந்தன. பணம் போய்ச் சேர வேண்டிய கணக்கு, வேறொரு மாநிலத்தில் தனிநபர் ஒருவர் பெயரில் இருந்த சேமிப்புக் கணக்கு.

"யாருக்கம்மா அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"மகளுக்கு ஐ.நா. சபையில வேலை கிடைச்சிருக்கு சார். பதிவுக் கட்டணமாம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டணுமாம்."

கைப்பேசியில் அந்தக் கடிதத்தைக் காட்டினார். மகளிர் சமத்துவத்துக்காக உழைக்கும் ஓர் உலக அமைப்பின் பெயரும் சின்னமும் மேலே இருந்தன. 'செயல்பாடுகள் மற்றும் கூட்டாண்மைப் பிரிவின் துணை இயக்குநர்' என்று பதவி குறிக்கப்பட்டிருந்தது. மகளுக்கு வயது இருபத்திரண்டு. பி.காம். முடித்து, கணக்குத் தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் ஓராண்டாக வேலை பார்ப்பவர்.

ஐக்கிய நாடுகள் அமைப்புகள் விண்ணப்பத்துக்கோ நேர்முகத்துக்கோ பயிற்சிக்கோ எவரிடமும் கட்டணம் வாங்குவதில்லை என்பதை எடுத்துச் சொன்னேன். அவர் உடனே நம்பவில்லை. தணிக்கையாளர் அலுவலகத்துக்கு அழைத்து மகளிடமும் பேசிய பின்னரே படிவம் கிழிக்கப்பட்டது. பணம் தப்பியதில் அவருக்கு ஆறுதலைவிட வருத்தமே மிகுதியாக இருந்தது. எழுந்து போகும்போது ஒரு கேள்வி கேட்டார்: "அப்படி ஒரு வேலையே உலகத்துல கிடையாதா சார்?"

உண்டு. கடிதம் பொய்யானாலும் அத்தகைய பதவி பொய்யன்று. இந்தியப் பெண்கள் அதில் அமர்ந்திருக்கிறார்கள். அந்த வேலை என்ன, அதில் இருப்பவர் நாள்தோறும் எதைச் செய்கிறார், வங்கிக் கணக்கு வைத்திருக்கும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை அன்று அவருக்கு அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. வரிசையில் இன்னும் பதினொருவர் காத்திருந்தனர். விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஐக்கிய நாடுகள் சபையில் பெண்களின் முன்னேற்றத்தைக் கவனிக்க நான்கு தனித்தனிப் பிரிவுகள் இயங்கி வந்தன. ஒன்று 1946 முதல் இருந்தது. இரண்டு 1976இல் தோன்றின. நான்காவது 1997இல் சேர்ந்தது. நால்வர் சமைத்த கறி போல, யார் உப்புப் போட்டார், யார் போடவில்லை என்று தெரியாத நிலை. 2010 ஜூலையில் பொதுச்சபை அந்த நான்கையும் ஒன்றாக்கி 'ஐ.நா. மகளிர்' என்ற ஒரே அமைப்பை உருவாக்கியது. 2011 ஜனவரியில் அது செயல்படத் தொடங்கியது. சிலி நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த மிஷெல் பாச்செலெட் முதல் செயல் இயக்குநர். அவருக்குப் பின் தென்னாப்பிரிக்காவின் பும்சிலே இலாம்போ-இங்குக்கா, 2021 முதல் ஜோர்டானைச் சேர்ந்த சீமா பஹூஸ்.

தலைவரின் பெயர் செய்தியில் வரும். அவருக்குக் கீழே துணைச் செயல் இயக்குநர்கள் இருவர் உண்டு. ஐ.நா. தரவரிசையில் அவர்கள் உதவிப் பொதுச்செயலாளர் நிலையினர். ஒருவர் கொள்கை, சட்டம், நாடுகளோடு நடத்தும் பேச்சுவார்த்தை, களத் திட்டங்கள் ஆகியவற்றைப் பார்ப்பவர். மற்றவர் நிதி, பணியாளர், நிர்வாகம், கூட்டாண்மை ஆகியவற்றைப் பார்ப்பவர். பொறுப்புகளின் பெயர்களும் எல்லைகளும் அவ்வப்போது மாறினாலும் பிரிவினை ஏறக்குறைய இதுதான். கல்யாண வீட்டில் மணவறையின் முன்னே நிற்பவர்கள் பலர் இருப்பார்கள். சமையற்கட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அரிசி மூட்டைகளை எண்ணுபவர் ஒருவர்தான். இரண்டாவது துணைத் தலைவர் அந்தச் சாவிக்காரர்.

அவர் எண்ண வேண்டிய மூட்டைகள் எவ்வளவு? அமைப்பு தொடங்கியபோது ஆண்டுக்கு 50 கோடி டாலராவது வேண்டும் என்று கணக்கிட்டார்கள். இன்றைய மாற்று விகிதத்தில் நாலாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். தொடக்க ஆண்டுகளில் வரவு அதில் பாதியைச் சுற்றியே நின்றது. 50 கோடி டாலரை முதன்முதலாகத் தாண்டியது 2019இல்தான். கேட்பதற்குப் பெருந்தொகையாகத் தோன்றும். உலகின் பாதி மக்களைக் கருதித் தொடங்கிய அமைப்புக்கு அது பெரிதன்று. குழந்தைகளுக்கான யுனிசெஃபின் ஆண்டு வரவு இதைப்போல் பத்து மடங்குக்கும் மேல்.

இந்தப் பணம் வரும் வழியே வங்கியாளர் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது. ஐ.நா. சபைக்கு உறுப்பு நாடுகள் கட்டாயமாகச் செலுத்தும் சந்தா ஒன்று உண்டு. அதிலிருந்து மகளிர் அமைப்புக்குக் கிடைப்பது மிகச் சிறு பங்கு. மீதியெல்லாம் நாடுகளும் நிறுவனங்களும் தனிமனிதர்களும் விரும்பித் தருவது. விரும்பித் தருவது என்றால் விரும்பாதபோது தராமல் இருக்கலாம் என்பதே பொருள். மாதச் சம்பளம் வரும் கணக்குக்கும், எப்போது வரும் என்று தெரியாத தரகுப் பணம் வரும் கணக்குக்கும் உள்ள வேறுபாட்டை நம் வாடிக்கையாளர்கள் அறிவார்கள்.

அந்த விருப்பப் பணத்திலும் இரண்டு வகை. முதல் வகை கட்டற்றது. எங்கே தேவையோ அங்கே அமைப்பு செலவிடலாம். இரண்டாம் வகை நோக்கத்தோடு கட்டப்பட்டது. இந்த நாட்டில், இந்தத் திட்டத்துக்கு, இந்தத் தேதிக்குள், இந்தத் தலைப்பில் மட்டும் செலவிட வேண்டும் என்று எழுதித் தரப்படுவது. மகளிர் அமைப்புக்கு வரும் தொகையில் பெரும்பகுதி இரண்டாம் வகைதான். நமது நாட்டுப் பழமொழியில் சொல்வதானால், தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. ஆனால் அந்த மாட்டை இந்த வயலில்தான் கட்ட வேண்டும் என்று கொடுத்தவரே நிபந்தனை போட்டால், வயல் காய்ந்து கிடக்கும்போது என்ன செய்வது?

நோக்கம் கட்டிய பணத்தால் நேரும் சங்கடத்தை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். ஒரு நாட்டு அலுவலகத்துக்குப் பத்துத் திட்டங்கள், பத்து வழங்குநர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேருக்கும் தனித்தனி வங்கிக் குறியீடு, தனித்தனி அறிக்கை, தனித்தனி நிறைவுத் தேதி. அலுவலக வாடகையையும் கணக்கரின் சம்பளத்தையும் எந்தத் திட்டத்தில் எழுதுவது? யாரும் அதற்குப் பணம் தருவதில்லை. அதற்காகவே நோக்கம் கட்டிய தொகைகளில் பொதுவாக எட்டு விழுக்காட்டை நிர்வாகச் செலவுக்கென எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஐ.நா. அமைப்புகளில் உள்ளது. நூறு ரூபாய் கொடுத்தால் எட்டு ரூபாய் 'அலுவலகத்துக்குப் போய்விட்டது' என்று குறைகூறுவோர் எங்கும் உண்டு. அந்த எட்டு ரூபாய் இல்லையென்றால் மீதித் தொண்ணூற்றிரண்டு ரூபாய் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஆளே இருக்காது. கிளையின் பின்னறையில் அமர்ந்து நாள் முடிவில் ரொக்கம் சரிபார்க்கும் எவரும் இதை ஒப்புக்கொள்வர்.

இன்னொன்று நாணய மாற்று. நாடுகள் தம் நாணயத்தில் உறுதிமொழி தருகின்றன, குரோனாவிலும் யூரோவிலும் பவுண்டிலும். அமைப்பின் பேரேடோ டாலரில். உறுதி தந்த நாளுக்கும் பணம் வந்து சேர்ந்த நாளுக்கும் இடையே டாலர் ஏறிவிட்டால், யாரும் ஒரு காசும் குறைக்காமலேயே வரவு குறைந்துவிடும். வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணம் ஒரு மாதம் கூடியும் மறுமாதம் குறைந்தும் வருவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே கணித்து, செலவுத் திட்டத்தை இழுத்துப் பிடிப்பதும் சாவிக்காரரின் வேலை.

கணக்கைப் பார்ப்பவர்கள் யார் என்ற ஐயம் எழலாம். 2012 முதல் இவ்வமைப்பு பொதுத்துறைக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரத்தைப் பின்பற்றுகிறது. ஐ.நா. தணிக்கையாளர் குழு ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறது. மூன்று நாடுகளின் தலைமைத் தணிக்கையாளர்கள் கொண்ட அக்குழுவில், 2014 முதல் 2020 வரை நம் நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் ஒருவர். தில்லியில் அரசுத் துறைகளின் பற்றுச்சீட்டுகளைப் புரட்டும் அலுவலகத்திலிருந்து நியூயார்க் பேரேட்டைப் புரட்டவும் ஆட்கள் போனார்கள் என்பது, வணிகவியல் படித்தவன் என்ற முறையில், எனக்குக் கொஞ்சம் பெருமை தருகிறது.

இனி இந்தியப் பெண்களுக்கு வருவோம். லட்சுமி புரி 1974ஆம் ஆண்டு இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர். ஐ.நா. வணிக வளர்ச்சி மாநாட்டு அமைப்பில் பணியாற்றிய பின், மகளிர் அமைப்பு தொடங்கிய 2011இலேயே துணைச் செயல் இயக்குநராக வந்து 2018 வரை இருந்தார். அரசுகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தைகளும் கூட்டாண்மைகளும் அவர் பொறுப்பு. 2013இல் பாச்செலெட் விலகியபின் அடுத்தவர் வரும்வரை சில மாதங்கள் அமைப்பையே பொறுப்புத் தலைவராக நடத்தினார்.

2019 மே மாதத்தில் அனிதா பாட்டியாவை ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்தார். அவர் பதவியின் பெயரே நீளமானது: வள மேலாண்மை, நீடித்தல், கூட்டாண்மை ஆகியவற்றுக்கான துணைச் செயல் இயக்குநர். உலக வங்கிக் குழுமத்தில் பல்லாண்டு பணிபுரிந்தவர். அங்கே அலுவல் நடைமுறைகளைச் சீர்திருத்தும் பிரிவு, மாற்றங்களை நடத்தும் பிரிவு போன்றவற்றுக்குத் தலைமை வகித்தவர். ஒரு படிவத்தில் ஐந்து கையொப்பங்கள் ஏன், இரண்டு போதாதா என்று கேட்பதையே தொழிலாகக் கொண்ட பிரிவுகள் அவை. இத்தகைய பதவிக்கு வணிகவியல் பட்டதாரியே வருவார் என்று நான் எண்ணியிருந்தேன். அவருடைய முதற் பட்டம் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் வரலாறு. பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல், ஜார்ஜ்டவுனில் சட்டம். சிறு ஏமாற்றந்தான். அவருக்குப் பின் பின்லாந்தின் கிர்சி மாடி அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

கூட்டாண்மை என்ற சொல்லைக் கேட்டவுடன் கைகுலுக்கலும் பொன்னாடையும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அது கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது போன்ற வேலை. எதிரே இருப்பவர் யார், அவர் பணம் எங்கிருந்து வருகிறது, நம் பெயரை எதற்குப் பயன்படுத்துவார் என்று பார்த்தே கையொப்பமிட வேண்டும். தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மை நிகழ்வு ஒன்றுண்டு. 2022 மே மாதத்தில் உலகின் மிகப்பெரிய சொத்து மேலாண்மை நிறுவனமான பிளாக்ராக்குடன் ஐ.நா. மகளிர் அமைப்பு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. பெண்களின் நலன் கருதும் முதலீடுகளை வளர்ப்பது நோக்கம். பல நாட்டுப் பெண்ணிய அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அந்நிறுவனத்தின் பிற முதலீடுகள் பெண்களுக்கும் சுற்றுச்சூழலுக்கும் கேடானவை என்றும், ஐ.நா.வின் நற்பெயரை அதற்கு இரவல் கொடுக்கக் கூடாது என்றும் அவை வாதிட்டன. சில மாதங்களிலேயே ஒப்பந்தம் கைவிடப்பட்டது.

இதில் எந்தப் பக்கம் நியாயம் என்று முடிவு சொல்வது என் வேலையன்று. அரசுகளின் கொடை போதாதபோது பெருநிறுவனங்களிடம் போகாமல் இருக்க முடியாது என்பதும் உண்மை. போனால் பெயரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. இந்த இரண்டுக்கும் நடுவே நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவரே கூட்டாண்மைத் தலைவர். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கே அந்த நாற்காலி பொருந்தும் என்பது என் எண்ணம். கடன் பிரிவில் இருந்தவர்களும் இதையே சொல்வார்கள்.

ஐ.நா.வை விட்டு நம் தொழிலுக்கு நெருக்கமான மற்றோர் உலக அமைப்பைப் பார்ப்போம். 1975இல் மெக்சிகோ நகரில் முதல் உலக மகளிர் மாநாடு நடந்தது. பெண்கள் வேண்டுவது இரக்கமன்று, கடன் வசதி என்று அங்கே சிலர் பேசினர். அப்பேச்சின் விளைவாக 1979இல் 'விமன்ஸ் வேர்ல்ட் பேங்கிங்' நிறுவப்பட்டது. அதைத் தொடங்கியவர்களுள் மூவரின் பின்னணி சுவையானது. கானா நாட்டின் எஸ்தர் ஒக்லூ, பத்து ஷில்லிங் முதலில் ஆரஞ்சுப் பழப்பாகு காய்ச்சிப் புட்டிகளில் விற்றுத் தொழிலதிபர் ஆனவர். அமெரிக்காவின் மிகேலா வால்ஷ், பங்குச்சந்தை நிறுவனத்தில் பணியாற்றியவர். மூன்றாமவர் அகமதாபாத்தின் இலா பட். அவர் 1984 முதல் 1988 வரை அதன் தலைவராக இருந்தார்.

பெயரில் வங்கி இருந்தாலும் அது வைப்புத்தொகை வாங்கவில்லை, நேரடிக் கடனும் தரவில்லை. அதன் தொடக்ககால முறை மிக எளிமையானது. ஓர் ஊரில் சிறுதொழில் செய்யும் பெண்ணுக்கு அவ்வூர் வங்கி கடன் கொடுக்கும். அந்தக் கடன் திரும்பாமல் போனால் இழப்பில் பாதியை உலக அமைப்பு ஏற்கும். கால் பங்கை அந்நாட்டில் உள்ள அதன் துணை அமைப்பு ஏற்கும். மீதிக் கால் பங்கை வங்கியே சுமக்கும். நூறு ரூபாய்க் கடனில் வங்கிக்கு ஆபத்து இருபத்தைந்து ரூபாய்தான். அந்த இருபத்தைந்தை முழுதும் நீக்காமல் விட்டதில் நுட்பம் இருக்கிறது. வங்கிக்கு இழக்க ஒன்றுமே இல்லையென்றால் அது கடன் வாங்கியவரைத் திரும்பிப் பார்க்காது. தன் பணமும் சிறிது உள்ளே இருந்தால், அந்தப் பெண்ணின் கடைக்குப் போய் எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்று கடன்கள் ஒழுங்காகத் திரும்பிய பின் உத்தரவாதமே தேவைப்படாது. கூட்டாண்மை என்பதை எனக்கு யாரேனும் ஒரு வரியில் விளக்கச் சொன்னால் இந்தப் பாதி, கால், கால் கணக்கையே காட்டுவேன்.

இலா பட் அங்கே வெறுங்கையோடு போகவில்லை. 1974இல் அகமதாபாத்தில் நான்காயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தொடங்கிய சேவா கூட்டுறவு வங்கியின் அனுபவம் அவருக்குப் பின்னால் இருந்தது. எழுதத் தெரியாத பெண்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று பதிவு அலுவலகம் தயங்கியபோது, அந்தப் பெண்கள் தம் பெயரைக் கையொப்பமிடக் கற்றுக்கொண்டு வந்தனர். கணக்கு திறந்த பிறகு அடையாளச் சிக்கல் வந்தது. பலருக்கு ஒரே பெயர், கையொப்பமும் நாளுக்கு ஒரு விதம். வாடிக்கையாளர் தம் கணக்கு எண் எழுதிய சிலேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் புகைப்படத்தையே அடையாளமாக்கினார்கள். ஆதாரும் கைரேகைக் கருவியும் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பு! சமத்துவம் பற்றிய சொற்பொழிவுகளில் இந்தச் சிலேட்டு இடம்பெறுவதில்லை. ஆனால் அந்தச் சிலேட்டு இல்லாமல் காய்கறி விற்கும் ஒரு பெண்ணாலும் தன் பணத்தைத் தானே எடுத்திருக்க முடியாது. செயல்பாடுகள் என்று பதவிப் பெயரில் வருகிறதே, அது இதுதான்.

மும்பையில் இருந்துகொண்டு அகமதாபாத்தை மட்டும் சொன்னால் நியாயமாகாது. குர்லாவிலிருந்து லோக்கல் வண்டியில் மூன்று நிலையம் தள்ளி, தாதரில், 1975இல் தொடங்கியது அன்னபூர்ணா மகிளா மண்டல். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு ஆலைகளில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு, தம் வீட்டுச் சமையலறையிலேயே இருவேளை சோறாக்கிப் போட்ட பெண்கள் பலர். அந்த வீட்டுச் சாப்பாட்டுக் கடைக்கு மராத்தியில் கானாவள் என்று பெயர். தொழிலாளி சம்பளம் வாங்கும் வரை கடனில் சாப்பிடுவார். அதுவரை அரிசிக்கும் பருப்புக்கும் அந்தப் பெண் வட்டிக்காரரிடம் போக வேண்டும். தொழிற்சங்கப் பணியில் இருந்த பிரேமா புராவ், பதினான்கு பெண்களைச் சேர்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கச் செய்து, தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் கடன் வாங்கிக் கொடுத்தார். பின்னாளில் அது ஆயிரக்கணக்கான பெண்களின் அமைப்பாயிற்று. 2002இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவருடைய அலுவலக அறைக் கதவில் கூட்டாண்மை இயக்குநர் என்று யாரும் பலகை மாட்டவில்லை.

சென்னையில் 1978இல் உழைக்கும் பெண்கள் பேரவையைத் தொடங்கிய ஜெயா அருணாசலமும் முதலில் வங்கிகளோடு கைகோத்தவர்தான். தெருவில் பூவும் மீனும் விற்கும் பெண்களுக்கு வங்கியின் நேரமும் படிவங்களும் ஒத்துவரவில்லை. 1981இல் அப்பெண்களுக்கென்றே கடன் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கூட்டாளி சரியாக வராதபோது தனியே நடக்கவும் ஒரு தலைமை தேவைப்படுகிறது. வங்கி அலுவலனாகிய எனக்கு அந்த வரலாறு சற்று உறுத்தலானது. அப்பெண்கள் நம்மைப் போன்றவர்களின் மேசையிலிருந்துதான் எழுந்து போனார்கள். 1992இல் நபார்டு வங்கி ஐந்நூறு குழுக்களோடு தொடங்கிய சுய உதவிக் குழு இணைப்புத் திட்டம், அந்த மேசைக்கு அவர்களைத் திரும்ப அழைத்த முயற்சி. அதன் தலைமையகம் நமக்குப் பக்கத்திலேயே, பாந்த்ரா குர்லா வளாகத்தில் இருக்கிறது.

இனி அந்தப் பி.காம். பட்டதாரிக்குப் பயன்படுவதைச் சொல்கிறேன். இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்கும் உதவலாம்.

ஐ.நா. அமைப்புகளில் இயக்குநர் நிலைப் பதவிக்குப் பொதுவாகப் பதினைந்து ஆண்டு அனுபவமும் முதுகலைப் பட்டமும் கேட்பார்கள். இருபத்திரண்டு வயதில் அந்தப் பதவி தருகிறேன் என்று வரும் கடிதம் அந்த ஒரு காரணத்துக்காகவே ஐயத்துக்குரியது. இளையோர் நுழைய வழிகள் உண்டு. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் ஒன்று. நாட்டு அலுவலகங்களில் நிதி உதவியாளர், திட்ட உதவியாளர் பணியிடங்கள் மற்றொன்று. மகாராஷ்டிர அரசின் மகளிர் பொருளாதார வளர்ச்சிக் கழகம் போன்ற மாநில அமைப்புகள், பன்னாட்டு நிதி பெறும் திட்டங்களை நடத்துகின்றன. அங்கே கணக்கு எழுதிப் பழகியவருக்கு, நோக்கம் கட்டிய பணம் என்றால் என்ன என்பதைப் பிறகு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. வேலை நிலையானதா என்றால், முன்போல் இல்லை. 2025இல் ஐ.நா. முழுதும் நிதி நெருக்கடி. மகளிர் அமைப்பு தன் நியூயார்க் பணியிடங்களில் பலவற்றை ஜெர்மனியின் பான் நகரத்துக்கும் கென்யாவின் நைரோபிக்கும் மாற்றத் தொடங்கியது. அதை ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தோடு இணைக்கலாமா என்ற யோசனையும் எழுந்தது. எந்த ஊரில் எத்தனை மேசை என்று முடிவு செய்வதும் நாம் பேசிவரும் சாவிக்காரரின் பிரிவுதான்.

விண்ணப்பங்களை அந்தந்த அமைப்பின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டுமே அனுப்புங்கள். பதிவு, விசா, பயிற்சி, மருத்துவச் சோதனை என்று எந்தப் பெயரில் கட்டணம் கேட்டாலும் அது மோசடி. பணம் போகும் கணக்கு ஒரு தனிநபர் பெயரில் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள், கிளைக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடியும். நேரந்தான் முக்கியம்.

அந்த வாடிக்கையாளர் மூன்று வாரம் கழித்து மீண்டும் வந்தார், இம்முறை மகளையும் அழைத்துக்கொண்டு. அவர் தலைமை வகிக்கும் சுய உதவிக் குழுவுக்கு ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து ஒரு தொகை தந்திருந்தது, தையல் எந்திரங்கள் வாங்க. குழுவில் உள்ள பன்னிருவரில் தைக்கத் தெரிந்தவர்கள் இருவர். மற்றவர்கள் மாவு அரைப்பவர்கள், பூக் கட்டுபவர்கள், தாராவியிலிருந்து முறுக்கு வாங்கி வந்து விற்பவர்கள். அவர்களுக்குத் தேவை ஒரு பெரிய கிரைண்டரும் கொஞ்சம் நடைமுறை மூலதனமும். எந்திரத்தை வாங்கி மூலையில் வைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னாராம். பொருளாளர் ஒப்பவில்லை.

மகள் குழுவின் பேரேட்டைக் கொண்டு வந்திருந்தார். இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதியிருந்தார். ஒன்றில் குழுவின் சொந்தச் சேமிப்பும் வட்டியும், மற்றதில் நிறுவனம் தந்த தொகை தனியாக. அந்தத் தொகையிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கப்படவில்லை. இரண்டு எந்திரங்கள் மட்டும் போதும், மீதியைக் கிரைண்டருக்குப் பயன்படுத்த இசைவு தர வேண்டும் என்று நிறுவனத்துக்கு ஒரு கடிதமும் வரைந்திருந்தார். இசைவு கிடைக்காவிட்டால் மீதித் தொகையைத் திருப்பித் தரக் குழு ஆயத்தமாக உள்ளது என்பது கடைசி வரி. அந்த வரியை எடுத்துவிடலாமா என்று தாய் என்னிடம் கேட்டார். இருக்கட்டும் என்றார் மகள்.

கடிதத்தோடு இணைக்க ஆறு மாதக் கணக்கு அறிக்கை வேண்டும் என்றார்கள். அச்சிட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை.